பெங்களூரில் மேஜிஷியனைப் பேசி முடிக்கும் முன்: பிறந்தநாள், ரிசப்ஷன், ஆபீஸ் விழா

கேள்வி: பெல்லந்தூர் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் மகளின் ஆறாவது பிறந்தநாள். அடுத்து அல்சூர் பக்கம் ஒரு மண்டபத்தில் தம்பியின் கல்யாண ரிசப்ஷன். டிசம்பரில் ஆபீஸ் ஃபேமிலி டே. மூன்றுக்கும் ஒரே மேஜிஷியனைப் பேசிவிடலாமா? எதைப் பார்த்து எடுப்பது? எங்கே சொதப்பும்?

ஒரே ஆளைப் பேசினால் ரேட்டில் கொஞ்சம் குறையும். ஆனால் மூன்று இடத்திலும் அவர் நன்றாகச் செய்வது அரிது. காரணம் அவருடைய திறமைக் குறைவு இல்லை, மூன்று இடத்திலும் ஜனம் உட்காரும் விதம் வேறு. மேஜிக் முழுக்க முழுக்கப் பார்வைக் கோணத்தை நம்பி நடக்கிற கலை. பாட்டுக் கச்சேரியைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தும் ரசிக்கலாம், மேஜிக்கை முடியாது. ஆகவே பெயர், வீடியோ, ரேட் எல்லாவற்றையும் விசாரிக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் உங்கள் விருந்தினர் எங்கே இருப்பார்கள், எந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள், எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்பார்கள்? இது தெரிந்துவிட்டால் எந்த வகை ஆள் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மேஜிஷியன் என்ற ஒரே பெயரில் பல தொழில் நடக்கிறது. குழந்தைகள் ஷோ செய்பவர் ஒரு மேஜை, ஒரு ஸ்பீக்கர், இரண்டு பெட்டியோடு வருவார். வேடிக்கைப் பேச்சும் குழந்தைகளைக் கூப்பிட்டுச் செய்ய வைப்பதும்தான் அவர் பலம். குளோஸ்-அப் செய்பவர் சட்டைப் பையில் சீட்டுக்கட்டும் நாணயமும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து, கைக்கெட்டும் தூரத்தில் காட்டுவார். கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி பெயர் பெற்றது இந்தக் கைவித்தையில்தான். இல்யூஷன் என்பது ஆளைப் பெட்டியில் வைத்து அறுப்பது, அந்தரத்தில் நிறுத்துவது முதலான பெரிய ஐட்டங்கள். பி.சி. சர்க்கார் (1913–1971) உலகம் சுற்றிக் காட்டிய பாணி அது. சாமான், உதவியாளர், லைட் எல்லாம் சேர்ந்தால்தான் நிற்கும். மென்டலிசம் செய்பவர் நீங்கள் மனதில் நினைத்த பெயரையோ எண்ணையோ சொல்வார், பெரியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பேசும் பொம்மை வைத்திருப்பவர்கள் தனி, பலூன் முறுக்கித் தருபவர்கள் தனி. ஒருவரே எல்லாம் செய்வதாகச் சொன்னால், அதில் எதை மாதம் முழுக்கச் செய்கிறார் என்று கேளுங்கள். அதற்கு மட்டும் அவரைக் கூப்பிடுங்கள்.

முதலில் பிறந்தநாள். ஆறு வயதுக் குழந்தையின் விழா என்றாலும் அபார்ட்மென்டில் மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை வந்துவிடும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒரு பொருள் மறைவது அதிசயமாகவே படாது. நிறம், குமிழி, பொம்மை இவைதான் அவர்களைப் பிடித்து உட்கார வைக்கும். ஐந்திலிருந்து எட்டு வயது வரைதான் குழந்தைகள் ஷோவுக்கு உயிர். “பின்னாடி பாருங்க, பின்னாடி!” என்று கத்த இடம் தரும் ஐட்டங்கள் இந்த வயதுக்கானவை. ஒன்பது, பத்து வயதானால் கண்டுபிடிக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களை அடக்கி வைப்பதைவிட, ஷோ முடிந்ததும் கயிற்றிலோ ரப்பர் பேண்டிலோ ஒரு சின்ன வித்தையைக் கற்றுத் தரும்படி முன்கூட்டியே மேஜிஷியனிடம் சொல்லி வையுங்கள். பெரிய பிள்ளைகள் அந்த ஆசையில் அமைதியாக இருப்பார்கள்.

நேரம் 40 முதல் 45 நிமிடம் போதும். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள் என்றால் 30. ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவது நல்ல பேரம் போலத் தெரியும், ஆனால் கடைசிக் கால் மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். வரிசை மிக முக்கியம்: ஷோ, பிறகு கேக், பிறகு சாப்பாடு. கேக்கை முதலில் வெட்டினால் பாதிக் குழந்தைகள் தட்டோடு ஓடும், பெற்றோர் கிளம்பும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள். ஐந்து மணி என்று அழைப்பு அனுப்பினால் இந்த ஊர் டிராஃபிக்கில் கூட்டம் சேர ஐந்தே முக்கால் ஆகும். ஆறுக்கு ஷோ, ஆறே முக்காலுக்குக் கேக் என்று வைத்தால் சரியாக வரும். ஷோ நடக்கும்போது பவுன்சி காசில் (குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த கூடாரம்) ஓடக்கூடாது, பாப்கார்ன் ஸ்டால் திறக்கக்கூடாது, குழந்தைகள் கையில் பலூன் இருக்கக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு கெட்டிக்கார மேஜிஷியனும் தோற்றுப்போவார்.

உட்கார வைக்கும் முறை: தரையில் ஜமக்காளம் விரித்துக் குழந்தைகள் முன்னால், நாற்காலியில் பெரியவர்கள் பின்னால். மேஜைக்கும் முதல் வரிசைக்கும் குறைந்தது ஆறடி இடைவெளி. அதைத் தரையில் ஒரு டேப் ஒட்டிக் காட்டிவிட்டால் குழந்தைகள் கோட்டைத் தாண்டுவதில்லை. பக்கவாட்டில் யாரும் உட்காரக்கூடாது. நேர் எதிரே, மேஜிஷியனுக்கு இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 120 டிகிரி விசிறிக்குள் எல்லோரும் அடங்க வேண்டும். கிளப் ஹவுஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு, யாரும் யோசிப்பதில்லை. ஏரோபிக்ஸ், யோகா வகுப்பு நடக்கும் ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருப்பார்கள். மேஜிஷியன் அதற்கு முன்னால் நின்றால் அவர் முதுகுப்பக்கம் முழுவதும் தெரிந்துவிடும். இரவில் ஜன்னல் கண்ணாடியும் அதே வேலையைச் செய்யும். போய் ஹாலைப் பார்த்து, திரை இல்லாவிட்டால் பின்னணித் துணி கட்டச் சொல்லி டெக்கரேஷன்காரரிடம் பேசுங்கள். போட்டோகிராபரையும் பின்பக்கம் போகக்கூடாது என்று சொல்லி வையுங்கள். குழந்தைகளின் முகம் நேராகக் கிடைக்கும் என்பதால் அவர் அங்கேதான் போய் நிற்பார்.

பலூனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேஸ் பலூன் என்று நம் ஊரில் கிடைப்பதில் பல, ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அடைத்தவை. விலை குறைவு என்பதுதான் காரணம். ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டால் தீப்பிழம்பாக வெடிக்கும். மேஜிஷியன்கள் கையிலிருந்து நெருப்பு வரவழைக்கும் ஃபிளாஷ் பேப்பர் நைட்ரோசெல்லுலோஸ், பற்றினால் கண்ணிமைப்பதற்குள் சாம்பலே இல்லாமல் எரியும். ஸ்னோ ஸ்பிரே டப்பாவிலும் எரியக்கூடிய வாயு இருக்கும். கூடவே தெர்மாகோல், காகிதம், திரைத்துணி. இவை எல்லாம் ஒரே ஹாலில், நடுவில் முப்பது குழந்தைகள். எனவே குழந்தைகள் ஷோவில் நெருப்பு ஐட்டம் ஒன்றுகூட வேண்டாம் என்று மேஜிஷியனிடம் எழுத்தில் வாங்குங்கள். பலூன்காரரிடம் காற்று பலூன், இல்லையென்றால் ஹீலியம், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முறுக்கு பலூன் கேட்டால் இன்னொரு கணக்கு உண்டு: ஒன்றுக்கு இரண்டு நிமிடம், முப்பது குழந்தைக்கு ஒரு மணி நேரம். அதைச் செய்ய மேஜிஷியனை நிறுத்தி வைக்காமல் தனி ஆள் போடுங்கள். உடைந்த பலூன் துண்டைச் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வதும் மூச்சடைப்பதும் நிஜமான ஆபத்து. உடைந்ததை உடனே பொறுக்க ஒரு பெரியவர் வேண்டும்.

புறா, முயல் வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். விலங்குகளை நிகழ்ச்சியில் பயன்படுத்த 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். பச்சைக் கிளியை வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பதிவுச் சான்றைக் காட்ட முடியாதவர் என்றால் உயிருள்ளவை இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, ஸ்பீக்கர் சத்தத்தில், முப்பது பிள்ளைகள் தொட வரும் இடத்தில் ஒரு புறாவைப் பையிலிருந்து உருவுவது எனக்கு எந்த வகையிலும் உவப்பானதில்லை. கயிறு வெட்டி ஒட்டுவது, சீன வளையம், செய்தித்தாள் கூம்பில் பால் ஊற்றி மறைப்பது, நிறமில்லாத புத்தகம் நிறமாவது, எத்தனை முறை கவிழ்த்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் செம்பு — இவையே குழந்தைகளுக்கு ஏராளம். அந்தச் செம்பும் செப்படி வித்தையும் இருந்தால் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

மொழியைக் கேட்க மறந்துவிடுவோம். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி அபார்ட்மென்ட் குழந்தைகள் தங்களுக்குள் ஆங்கிலமும் இந்தியும் பேசுவார்கள். பாட்டிக்குத் தமிழ் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கன்னடம். “எல்லா பாஷையும் வரும் சார்” என்பதை நம்பாமல் போனிலேயே தமிழில் ஐந்து நிமிடம், ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். நகைச்சுவை எந்த மொழியில் இயல்பாக வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ரிசப்ஷன். இங்கேதான் மிக அதிகமாகப் பணம் வீணாகிறது. நம் ரிசப்ஷனில் மேடை மணமக்களுடையது. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அவர்கள் நிற்பார்கள். பரிசோடு வருபவர் வரிசையில் ஏறி, போட்டோ எடுத்து இறங்கி, நேரே பந்திக்குப் போய்விடுவார். பந்தி பெரும்பாலும் வேறு தளத்தில். ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்று ஒன்று அந்த மண்டபத்தில் இல்லவே இல்லை. இந்த நிலையில் இல்யூஷன் செட்டை வரவழைத்தால் இரண்டு வழிதான்: மணமக்களை முக்கால் மணி நேரம் இறக்கி உட்கார வைத்து வரிசையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் சின்ன மேடை போட்டு மெல்லிசைக் குழுவோடு மோத வேண்டும். வரிசையை நிறுத்தினால் சொந்தக்காரர்கள் கோபப்படுவார்கள், ஓரத்து மேடையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ரிசப்ஷனுக்குச் சரியானது குளோஸ்-அப். மேடையேற வரிசையில் அரை மணி நேரம் நிற்பவர்கள், அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள், நாற்காலியைத் திருப்பிப் போட்டு வட்டமாகப் பேசிக்கொண்டிருக்கும் சொந்தங்கள் — இவர்களிடம் மேஜிஷியன் போய் நின்றால் காத்திருந்த நேரமே கொண்டாட்டமாகிவிடும். கணக்கைப் போட்டுவிடுங்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம், நடந்து போகும் நேரமும் சேர்த்தால் ஒரு மணியில் ஏழு கூட்டம், அதாவது அறுபது எழுபது பேர். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருக்குக் கால் மணி ஓய்வு வேண்டும், விரல் களைத்துவிட்டால் கைவித்தை எடுபடாது. மூன்று மணி நேரத்தில் ஒருவர் நூற்றைம்பது பேருக்குக் காட்டுவார். நானூறு பேர் வருவார்கள் என்றால் இரண்டு பேரைப் போடுங்கள்: ஒருவர் வரிசைப் பக்கம், ஒருவர் சாப்பாட்டுத் தளத்தின் வாசலில். இலையில் உட்கார்ந்தவரிடம் மட்டும் போக வேண்டாம். எச்சில் கையோடு யாரும் சீட்டை எடுக்க முடியாது, பரிமாறுபவருக்கும் இடைஞ்சல்.

மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கருக்கு முன்னால் குளோஸ்-அப் எடுபடாது. குறைந்தது முப்பதடி தள்ளி இருக்கட்டும். குழந்தைகளுக்கென்று தனியே வேண்டுமென்றால் மண்டபத்தின் பக்க அறை ஒன்றில் எட்டு மணிக்கு அரை மணி நேர ஷோ வையுங்கள். பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிடலாம், மண்டபத்தில் ஓடிப்பிடிப்பதும் நிற்கும். திறந்தவெளிப் புல்தரை என்றால் காற்று ஒரு எதிரி: பட்டுத்துணி, சீட்டு, மெல்லிய நூல் எதுவும் நிற்காது, அந்த ஐட்டங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, அதையும் நேரக் கணக்கில் சேருங்கள். முகூர்த்தம் நடக்கும் காலை வேளைக்கு மேஜிக் வேண்டாம். நாதஸ்வரமும் சடங்கும் நடக்கும் இடத்தில் அது ஒட்டாது.

மேடை ஷோவே வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் சங்கீத் அல்லது நிச்சயதார்த்த மாலை சிறந்த இடம். அங்கே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், மணமக்களையே உதவியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். அப்போது மணமக்களிடம் ஒரு நாள் முன்பே பேசி அனுமதி வாங்குவது மேஜிஷியனின் பொறுப்பு. கூச்சப்படும் மணப்பெண்ணை எதிர்பாராமல் மேடைக்கு இழுப்பது யாருக்கும் நினைவில் இனிக்காது.

மூன்றாவது, ஆபீஸ் ஃபேமிலி டே. இங்கே மேடை உண்டு, உட்காரும் கூட்டம் உண்டு, எனவே மேடை ஷோவோ இல்யூஷனோ மென்டலிசமோ வைக்கலாம். நேரம்தான் எல்லாம். பஃபே திறந்த பிறகு மேடையில் எதுவும் வைக்காதீர்கள். தட்டு கைக்கு வந்த மனிதர் முதுகைக் காட்டித்தான் நிற்பார். மதுவும் உண்டென்றால் அதற்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். ஏழரைக்குத் தொடங்கி எட்டே காலுக்கு முடித்து, மேஜிஷியனே “சாப்பாடு தயார்” என்று அறிவித்து இறங்குவது அழகான முடிவு.

இல்யூஷனுக்கு மேடை குறைந்தது இருபதடி அகலம், பதினாறடி ஆழம் இருந்தால் நல்லது. பின்னால் முழுத்திரை அல்லது எல்இடி சுவர், இரு பக்கமும் மறைப்பு. பால்கனி உள்ள அரங்கில் மேலிருந்து பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் கோணம் இருக்கிறதா என்று மேஜிஷியனே நேரில் வந்து பார்க்க வேண்டும். பின்னாலிருந்து அடிக்கும் லைட் மறைவான பலவற்றைக் காட்டிக்கொடுக்கும், லைட்காரரும் அவரும் ஒரு மணி நேரமாவது ஒத்திகை பார்க்க வேண்டும். செட் ஏற்ற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குழந்தைகள் ஷோவுக்கு அரை மணி, குளோஸ்-அப்புக்குக் கால் மணி போதும். புகை மெஷின் ஹாலின் புகை உணரியைக் கிளப்பிவிடும், மூடிய அறையில் உலர்பனி (டிரை ஐஸ்) கார்பன் டை ஆக்சைடை நிரப்பும். இரண்டையும் கட்டட நிர்வாகத்திடம் சொல்லாமல் பயன்படுத்தக்கூடாது. டெக் பார்க் கேட்டில் பொருட்களுக்கு கேட் பாஸ், ஆட்களின் அடையாள அட்டைப் பட்டியல் முதல் நாளே போயிருக்க வேண்டும். பெட்டிக்குள் வாள் சொருகும் ஐட்டம் இருந்தால் செக்யூரிட்டியில் நிச்சயம் நிற்கும், அதற்கு அட்மின் அனுமதிக் கடிதம் தனியாக வாங்குங்கள். சர்வீஸ் லிஃப்டின் அகல உயரத்தை அளந்து அனுப்புவதும் அதே கடிதத்தோடு முடியட்டும்.

மைக் விஷயத்தில் எல்லோரும் தவறுவது: மேஜிஷியனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், கையில் பிடிக்கும் மைக் பயன்படாது. காலர் மைக் அல்லது ஹெட்செட் மைக், அதற்குப் புதிய பேட்டரி. மேடைக்கு வரும் பார்வையாளர் பேசக் கூடுதலாக ஒரு கார்ட்லெஸ். இசையை இயக்க ஒரு ஆள் சவுண்ட் மேஜையிலேயே இருக்க வேண்டும், பென் டிரைவில் வரிசை எண் போட்ட பாட்டுகளோடு. போனிலிருந்து பாட்டு போட்டால் அதை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள், நடுவில் அழைப்பு வந்து ஷோ நின்ற இடங்கள் பல. முந்நூறு பேருக்கு முன் சீட்டு வித்தை காட்டப்போகிறார் என்றால் பெரிய திரையும் கேமராவும் அவசியம், கேமரா மேஜிஷியன் சொன்ன கோணத்தை விட்டு நகரக்கூடாது.

உங்கள் பொருளையோ நிறுவனப் பெயரையோ வைத்து ஐட்டம் செய்யச் சொல்லலாம். வெற்றுப் பெட்டியிலிருந்து புதுப் பொருள் வெளிவருவது, கிழித்த காகிதம் லோகோவாக மாறுவது போன்றவை. அதற்குப் பொருளின் அளவு, எடை, முடிந்தால் ஒரு மாதிரி, இரண்டு மூன்று வாரம் முன்பே கையில் கிடைக்க வேண்டும். நான்கு நாள் முன்பு சொன்னால் ஒரு பேனரை விரித்துக் காட்டுவதோடு முடியும்.

அலுவலகத்தில் நகைச்சுவைக்கு எல்லை போட்டுக் கொடுங்கள்: மனைவி ஜோக், உடல், நிறம், மொழி, சாதி எதுவும் கூடாது. மேடைக்கு வருபவரை, முக்கியமாகப் பெண்களை, தொடாமல் செய்யும் ஐட்டங்கள் மட்டும். மென்டலிஸ்ட் என்றால் காதல், சம்பளம், ராஜினாமா பற்றி யார் மனதையும் “படிக்க” வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இது பயிற்சியால் செய்யும் பொழுதுபோக்கு என்று அவர் மேடையிலேயே ஒரு வாக்கியம் சொல்லட்டும். சொல்லாவிட்டால் ஷோ முடிந்ததும் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்க நாலு பேர் வருவார்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது எச். நரசிம்மையா 1976-இல் அற்புதங்களை ஆராயக் குழு அமைத்த ஊர் இது. வித்தையை வித்தை என்று சொல்லிக் காட்டுவதே அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை. கையிலிருந்து விபூதி வரவழைப்பதும் சிலருடைய ஐட்டம். பெரியவர்கள் சிலர் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வார்கள், முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வெட்டி ஒட்டி இசை போட்ட வீடியோவை ஒதுக்கிவிடுங்கள். பார்வையாளர் நாற்காலியிலிருந்து எடுத்த, வெட்டாத ஐந்து நிமிடம் கேளுங்கள். அதில் கூட்டத்தின் சத்தம் கேட்க வேண்டும். ஏஜென்சி வழியாகப் போனால் மிகப் பெரிய ஆபத்து ஆள் மாறுவது: ஒருவருடைய வீடியோ, வருபவர் வேறொருவர். செய்யப்போகிறவரோடு நேரடியாக வீடியோ காலில் பேசாமல் அட்வான்ஸ் போடாதீர்கள். அவர் பெயரை எழுதி, அவர் வர முடியாவிட்டால் மாற்று ஆளை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முழு அட்வான்ஸும் திரும்ப வேண்டும் என்று சேருங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும், ஆனால் தேதி, வந்து சேரும் நேரம், ஷோ தொடங்கும் நேரம், எத்தனை நிமிடம், எத்தனை ஆட்கள், மொழி, மைக் யாருடையது, வண்டிச் செலவு, தாமதமானால் கூடுதல் கட்டணம் எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும்.

ஞாயிறு மாலை ஆறு மணி எல்லோருக்கும் வேண்டும், ஒருவரே அன்று இரண்டு மூன்று ஷோ ஒத்துக்கொண்டிருப்பார். “எங்கள் ஷோவுக்கு முன்னால் எங்கே இருப்பீர்கள், அது எத்தனை மணிக்கு முடிகிறது?” என்று கேட்டே ஆக வேண்டும். எலஹங்காவில் நாலரைக்கு முடித்து ஆறுக்கு எலக்ட்ரானிக் சிட்டி வருகிறேன் என்றால் அது நடக்காது, அங்கே கேக் வெட்டத் தாமதமானால் அந்தத் தாமதம் உங்கள் வீட்டில் வந்து விழும். முடிந்தால் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், அல்லது அன்றைய முதல் ஷோ உங்களுடையதாக இருக்கட்டும். தை, மாசி, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களுக்கும் டிசம்பருக்கும் இரண்டு மாதம் முன்பே பேசுங்கள். ஆடியில் ரேட் பேச இடமுண்டு.

பணம்: குழந்தைகள் ஷோ சில ஆயிரத்தில் தொடங்கி, பேர் பெற்றவர் என்றால் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். இல்யூஷனில் ஆள், வண்டி, செட் என்று ஏறிப் பல மடங்காகும். ரேட்டைக் குறைக்க முயலும்போது எது குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் உதவியாளர் குறைவார், அதனால் ஐட்டங்களுக்கு நடுவே வெற்று இடைவெளி விழும். அட்வான்ஸ் 30 முதல் 50 சதவீதம் வழக்கம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் கலைஞருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஏஜென்சி பில் என்றால் 18 சதவீதம் கூடும். ஆபீஸ் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும், பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் போய்விடும். வெண்டார் பதிவுக்கே மூன்று வாரம் எடுக்கும் கம்பெனிகள் உண்டு, ஆகவே டிசம்பர் விழாவின் பேப்பர் வேலையை அக்டோபரில் தொடங்குங்கள். சினிமாப் பாட்டுகள் ஒலிக்கும் ஆபீஸ் விழாவுக்கு இசை உரிமம் வேண்டும். கல்யாணத்தோடு சேர்ந்த நிகழ்ச்சிகளுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டமே விலக்குத் தருகிறது, ஹோட்டல்காரர் கேட்டால் பிரிவு 52(1)(இசட்ஏ) என்று சொல்லலாம்.

உங்கள் மூன்றுக்கும் என் பரிந்துரை: பிறந்தநாளுக்குத் தமிழும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகள் ஷோ கலைஞர், 45 நிமிடம், நெருப்பும் பறவையும் இல்லாமல். ரிசப்ஷனுக்கு இரண்டு குளோஸ்-அப் கலைஞர்கள், ஏழு முதல் பத்து வரை. ஃபேமிலி டேக்குக் குழந்தைகளும் பெரியவர்களும் கலந்திருப்பதால் மென்டலிசத்தை விட்டுவிட்டு, பேச்சு குறைந்த, இசையோடு நடக்கும் மேடை ஷோவும் இரண்டு மூன்று இல்யூஷனும். மூன்று நாளிலும் மேஜிஷியனைக் கவனிக்க வீட்டுக்காரர் அல்லாத ஒருவரை நியமியுங்கள்: அபார்ட்மென்ட் என்றால் கேட்டில் மைகேட் ஆப்பில் அனுமதி, உடை மாற்றப் பூட்டு உள்ள ஒரு அறை, பெட்டிகளைக் குழந்தைகள் திறக்காமல் காவல், உதவியாளருக்கும் சேர்த்துச் சாப்பாடு, மீதிப் பணம் கவரில் தயார். கடைசி இரண்டும் ஷோ முடிந்த பத்து நிமிடத்துக்குள் நடந்துவிட்டால் அவர்கள் அடுத்த இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்வார்கள்.